பொடியும் பொறுப்பும்

உடம்பைப் பேணுவது அறமா என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு தயக்கமின்றி விடை கூறியிருக்கிறது. உடலோம்பலை உயிரோம்பலோடு இணைத்துப் பாடியவர் திருமூலர். உணவின் அளவையும் உண்ணும் முறையையும் பெரிதும் பேசும் அதிகாரத்திற்கு 'மருந்து' என்றே பெயரிட்டவர் வள்ளுவர். ஆகவே, வளரும் பிள்ளை ஒருவன் தன் உடம்பை உறுதியாக்கிக்கொள்ள விரும்புகிறான் என்றால், அதில் குறை காண நமக்கு உரிமை இல்லை. மகிழ்வதற்கே காரணம் உண்டு.

ஆனால் இன்று நம் குடும்பங்கள் வாழும் பெருநகரங்களில் எழுந்துள்ள வினா சற்று வேறானது. தில்லியிலும் மும்பையிலும் புணேயிலும் பெங்களூரிலும் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் மாலைவேளைகளில் கிரிக்கெட், கால்பந்து, பூப்பந்து என ஏதேனும் ஆடுகிறார்கள். நாட்டுக்காக ஆடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. பதக்கமும் அவர்கள் இலக்கன்று. தோழர்களோடு ஆடுவதில் உள்ள இன்பத்திற்காக ஆடுகிறார்கள். அவர்களுள் சிலர் விரைவில் ஜிம்முக்கும் போகத் தொடங்குகிறார்கள். பிறகு ஒருநாள் வீட்டு அலமாரியில் ஒரு பெரிய டப்பா வந்து அமர்கிறது. புரோட்டீன் பவுடர், கிரியேட்டின், பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பொடி என அதன் பெயர்கள் பல. பெற்றோர் அதைப் பார்த்து, "இது பாதுகாப்பானதா?" என்று கேட்கிறார்கள்.

இவ்வினா மருத்துவ வினாவாகவே கருதப்படுகிறது. உண்மையில் அதனுள் ஓர் அறவினாவும் அடங்கியிருக்கிறது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? இளம் வயதினருக்காக இசைவு தர உரியவர் யார்? விளையாட்டு எதற்காக? இம்மூன்றுக்கும் விடை தேடாமல் முதல் வினாவுக்கு விடை கூற இயலாது.

தேவை எவ்வளவு?

முதலில் தேவையை அளந்து பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, 16 முதல் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 55 கிராம் புரதமும் பெண்பிள்ளைக்குச் சுமார் 46 கிராமும் போதும். நம் அடுக்களை இதற்கு என்ன தருகிறது? 300 கிராம் அரிசி 20 கிராமுக்குக் குறையாத புரதம் தரும். 75 கிராம் பருப்பு ஏறத்தாழ 16 கிராம் தரும். அரை லிட்டர் பாலும் தயிருமாகச் சேர்ந்து 16 கிராம் தரும். சுண்டலுக்கு ஊறவைத்த 50 கிராம் கொண்டைக்கடலை 10 கிராம் தரும். கூட்டினால் 60 கிராமைக் கடந்துவிடுகிறது. முட்டை உண்ணும் வீடாயின் ஒரு முட்டைக்கு 6 கிராம் கூடுதல்.

இக்கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லுதல் நேர்மையன்று. சோற்றைக் குவித்து, நீர்த்த குழம்பை ஊற்றி, பருப்பையும் பாலையும் குறைத்து உண்ணும் பிள்ளைக்குக் குறைபாடு உண்டு. ஆனால் அக்குறைக்கு மருந்து தட்டில் இருக்கிறது. டப்பாவில் தேட வேண்டியதில்லை. பொடியின் ஒரு கரண்டி ஏறத்தாழ 25 கிராம் புரதம் தரும் என்று விளம்பரம் கூறுகிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் இரு குவளைப் பாலும் அதே அளவை நெருங்கிவிடும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வரலாறு நம் போன்றோர்க்குச் சுவையானது. 1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே அது. 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து அங்கே வேரூன்றியது. நம்மைப் போலவே தமிழ் மண்ணிலிருந்து புறப்பட்டு வெளியூரில் வளர்ந்த நிறுவனம் எனலாம். அது 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியர்க்கான உணவு வழிகாட்டியில், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது.

'பாதுகாப்பு' என்னும் சொல்

இனி, 'பாதுகாப்பானது' என்னும் சொல்லை ஆராய்வோம். இச்சொல்லுக்கு இரு பொருள்கள் வழங்குகின்றன. தீங்கில்லை என்று ஆராய்ந்து கண்டதும் பாதுகாப்பானது. தீங்கு உண்டென்று இதுவரை கண்டறியப்படாததும் பாதுகாப்பானது. இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது அறிவு, பின்னது அறியாமைக்கு இட்ட அழகிய பெயர்.

மருந்துக்குச் சட்டம் முதற்பொருளை வேண்டுகிறது. ஆய்ந்து காட்டிய பிறகே அது கடைக்கு வரலாம். உணவுக்குச் சட்டம் இரண்டாம் பொருளோடு அமைகிறது. இட்டிலிக்கும் மோருக்கும் ஆய்வறிக்கை கேட்பார் இல்லை. பல தலைமுறைகள் உண்டு வாழ்ந்ததே அவற்றின் சான்று. இவ்வேறுபாடு நியாயமானது. ஆனால் டப்பாப் பொடி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வேளைக்கு இத்தனை கரண்டி என்று மருந்தைப் போல் அளவு சொல்கிறது; இத்தனை வாரத்தில் இன்ன பயன் என்று மருந்தைவிடத் துணிந்து வாக்களிக்கிறது; சான்று கேட்கும்போது மட்டும் "நான் உணவு" என்று ஒதுங்கிக்கொள்கிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இத்தகைய பொருள்கள் மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல என்று மேலுறையிலேயே அச்சிடப்பட வேண்டும். அவ்வரியை நின்று படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?

அமெரிக்க நாட்டின் பட்டறிவு இதற்கு நல்ல பாடம். 1994ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இவ்வகைப் பொருள்களை விற்கு முன் அரசின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. தீங்கானது என்று மெய்ப்பிக்கும் சுமை அரசின் மேல் விழுந்தது. எடை குறைக்கவும் ஊக்கம் பெறவும் எபிட்ரா என்னும் செடிச்சாறு கலந்த மாத்திரைகள் தடையின்றி விற்றன. தீங்குகள் பற்றிய முறையீடுகள் தொடர்ந்து வந்தன. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் 23 வயதுப் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத்தால் தாக்குண்டு இறந்தார். அவர் எபிட்ரா உட்கொண்டிருந்தார் என்பது தெரிய வந்தது. 2004ஆம் ஆண்டில்தான் தடை வந்தது. சட்டத்துக்கும் தடைக்கும் இடையே பத்தாண்டுகள். அந்தப் பத்தாண்டுகளில் சோதனைக்கூடமாக இருந்தது எது? வாங்கி உண்டவர்களின் உடம்பே.

மேலுறையில் எழுதியிருப்பதே உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த வினா. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுப் பொருள்களைச் சோதித்தனர். அவற்றுள் 94 பொருள்களில் மேலுறையில் குறிப்பிடாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. ஏழுக்கு ஒன்று என்னும் விழுக்காடு இது. நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் 36 புரதப் பொடிகளை ஆராய்ந்து கேரள மருத்துவர்கள் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளில் புரத அளவு மேலுறைக் கணக்கோடு ஒத்துவரவில்லை. சுமார் 14 விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சு காணப்பட்டது. சொன்ன பொருள் குறைந்தும் சொல்லாத பொருள் நிறைந்தும் இருப்பதை நம் பாட்டிமார் நம்பிக்கைக் கேடு என்பார்கள்.

இயற்கை என்னும் மயக்கம்

"செயற்கைப் பொருள்தானே தீங்கு, மூலிகையால் ஆனது என்ன செய்யும்?" என்று கேட்போர் உண்டு. நாம் வழிபடும் வில்வத்தைக் கொண்டே இதற்கு விடை கூறலாம். வில்வ மரத்தில் ஏஜிலின் என்னும் வேதிப்பொருள் இயல்பாக உள்ளது. அதைச் செயற்கையாகத் தயாரித்துச் சேர்த்த ஒரு துணையுணவுப் பொருள் அமெரிக்காவில் தசைக்கும் எடைக்கும் என்று விற்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் அதனை உண்ட பலர் கடுமையான கல்லீரல் அழற்சியோடு மருத்துவமனைக்கு வந்தனர். ஓர் உயிர் போயிற்று. சிலருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த நேர்ந்தது. பொருள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

இதனால் வில்வத்தின் மேல் பழி இல்லை. இலையாக, கனியாகப் பல நூற்றாண்டுகள் பழகிய ஒன்று, பிரித்தெடுத்த வேதிப்பொருளாகவும் மிகுந்த அளவிலும் உடம்பில் புகும்போது பழைய பழக்கத்தின் சான்று அதற்குச் செல்லாது என்பதே கருத்து. இயற்கை என்பது பிறப்பிடத்தைக் குறிக்கும் சொல். தீங்கின்மைக்கு அது உறுதிச்சீட்டு ஆகாது.

மறுதரப்பின் நியாயத்தையும் கூறிவிட வேண்டும். பாலிலிருந்து பிரித்த புரதம் நஞ்சன்று. கிரியேட்டின் பற்றி வயது வந்தோரிடம் நடந்த ஆய்வுகள் பல. நலமுள்ளவர்களுக்கு உரிய அளவில் பெருந்தீங்கு இல்லை என்றே அவை கூறுகின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் வளரும் பிள்ளைகள் மிகச் சிலரே. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், திறன் கூட்டும் பொருள்களை வளரிளம் பருவத்தினர் நாட வேண்டாம் என்கிறது. ஊக்க பானங்களுக்குப் பிள்ளைகளின் உணவில் இடமே இல்லை என்றும், சாதாரணமாக ஆடும் பிள்ளைக்குத் தண்ணீரே போதும் என்றும் 2011ஆம் ஆண்டில் அது கூறியது. காபியை விருந்தோம்பலாகக் கருதும் நாம் இதனைக் கேட்டு நகைக்கலாம். ஆயினும் கணக்கு நகைப்புக்கு உரியதன்று. நம் நாட்டு விதி, ஊக்க பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் அனுமதிக்கிறது. 250 மில்லிலிட்டர் தகரக் குவளை இரண்டைக் குடித்தால் 150 மில்லிகிராம் ஆகலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டில் பிள்ளைகளுக்குச் சொன்ன வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 120 மில்லிகிராமோடு எல்லை முடிந்துவிடுகிறது.

யாருடைய இசைவு?

இங்கேதான் அறவினா கூர்மை பெறுகிறது. தீங்கு நேரக்கூடும் என்று தெரிந்தே ஒரு பொருளை ஏற்பது எப்போது நியாயம்? அடைய இருக்கும் நன்மை, நேரக்கூடிய தீங்கைவிடப் பெரிதாக இருக்கும்போது. கொடிய நோயில் கிடப்பவர் கடுமையான மருந்தை ஏற்கிறார். உயிர் ஒரு தட்டில், மருந்தின் துன்பம் மறு தட்டில். ஆடும் பிள்ளைக்கு நோய் இல்லை. அவன் தட்டில் வைக்கப்படுவது சில அங்குலத் தோள் அகலமும் சில வாரப் பொறுமையும் மட்டுமே. எனவே, நோயற்றவனுக்குத் தரும் பொருள் நோயாளிக்குத் தரும் மருந்தைவிடக் கடுமையான சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். நடப்பிலோ இது தலைகீழாக இருக்கிறது. நோயாளியின் மருந்துக்குப் பல கட்டச் சோதனை; நலமுள்ள பிள்ளையின் பொடிக்கு மேலுறையின் சொல்லே சோதனை.

"மரமேறுவதிலும் நீந்துவதிலும் ஆபத்து இல்லையா? அவற்றைத் தடுப்பீர்களா?" எனச் சிலர் வினவலாம். தடுக்க மாட்டோம். அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளை அதனோடு பழகி, அஞ்சி, துணிந்து, தன் எல்லையைக் கற்கிறான். ஆபத்தே அங்குப் பாடத்தின் பகுதி. பொடியின் ஆபத்து மறைந்திருப்பது. அது அவனுக்கு எதையும் கற்பிப்பதில்லை. தெரிந்து ஏற்கும் துன்பம் வீரத்தை வளர்க்கும். தெரியாமல் ஏற்கும் தீங்கு எந்தப் பண்பையும் வளர்க்காது.

இசைவு என்பது அறிவின் மேல் நிற்பது. மேலுறை முழு உண்மையைச் சொல்லாதபோது, பிள்ளை தரும் இசைவும் தந்தை தரும் இசைவும் ஒருசேரப் பொய்த்துப்போகின்றன. தந்தை தன் உடம்புக்கு உரிமையாளர். பிள்ளையின் உடம்புக்குப் பொறுப்பாளர் மட்டுமே. பிறர் பொருளைக் காப்பவன் தன் பொருளில் காட்டும் துணிச்சலை அதில் காட்டக் கூடாது என்பது வணிகத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி அன்றோ?

விளையாட்டின் பயன்

பெரும் போட்டிகளில் ஆடும் வீரர்க்கு ஒரு காவல் உண்டு. உடம்பில் தடைசெய்த பொருள் காணப்பட்டால், அது எப்படி வந்திருந்தாலும் வீரரே பொறுப்பு என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி. அந்தக் காவலின் வலிமையைத் தில்லி கண்டது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் தில்லி மாநிலத் தடகளப் போட்டிகள் நடந்தன. சோதனை அதிகாரிகள் வந்த செய்தி பரவிய நாளில், ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். வராதவர் அனைவரும் குற்றமுடையவர் என்று நாம் சொல்ல இயலாது. ஆனால் எட்டுப் பேர் ஓட வேண்டிய தடத்தில் ஒருவர் மட்டும் ஓடிய காட்சி, விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்லிற்று.

தெருவோரத்திலும் குடியிருப்பு மைதானத்திலும் ஆடும் பிள்ளைக்கு அந்தக் காவலும் இல்லை. அவன் சிறுநீரைச் சோதிப்பார் யாருமில்லை. புறக்காவல் இல்லாத இடத்தில் அகக்காவல் ஒன்றே துணை. அந்த அகக்காவலை அவனுக்கு யார் தருவது?

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறநூலில், நடுவுநிலை அளவை விளக்க ஒரு மற்போர் வீரனின் உணவையே எடுத்துக்காட்டுகிறார். பத்துப் பங்கு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்பதால் ஆறு பங்கே எல்லார்க்கும் சரி என்று பயிற்சியாளன் விதிக்க மாட்டான். அது மிலோ என்னும் மாவீரனுக்குக் குறைவு, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிகுதி என்கிறார். ஒவ்வொருவர்க்கும் உரிய அளவு அவரவர் நிலையை அறிந்தே காணத்தக்கது. டப்பாவின் கரண்டியோ மிலோவுக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு.

விரைவு இன்றைய காலத்தின் நோய். அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கியவர் யார் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பெண் வந்தால் போதும், வழியைப் பற்றிக் கவலை இல்லை என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கோச்சிங் வகுப்புக்கு அனுப்பும் வீட்டில், தோள் வந்தால் போதும், வழியைப் பற்றிக் கவலை இல்லை என்று பிள்ளை கருதினால் அது வியப்பன்று. நாம் கற்பித்த பாடத்தை அவன் வேறொரு தேர்வில் எழுதுகிறான். விளையாட்டின் பயன் விளையாடுவதிலேயே இருக்கிறது. தோற்ற பின்னும் மறுநாள் மைதானத்துக்குப் போகும் மனத்தில் இருக்கிறது. அதனைப் பொடியாக விற்பார் எவரும் இல்லை.

நான்காம் உறுப்பு

பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. ஊரில் வளரும் பிள்ளையைச் சுற்றிச் சித்தப்பா, தாய்மாமன், அண்டை வீட்டுப் பெரியவர் எனப் பலர் இருப்பர். "என்னடா இது டப்பா?" என்று கேட்க நாலு பேர் உண்டு. இங்கே இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மாலை நேரத்தில் அவனோடு பேசுபவர் ஜிம் பயிற்சியாளரே. வேற்று மொழி பேசும் தோழரிடையே தன் பேச்சும் நிறமும் தன்னை வேறாகக் காட்டுவதாக எண்ணும் பிள்ளை, உடம்பாலாவது அவர்களுள் ஒருவனாக விரும்புகிறான். அவன் விரும்புவது தசையைவிட இடத்தை. இதை அறியாமல் டப்பாவைப் பறித்து எறிந்தால் அவன் வேறு டப்பாவை மறைத்து வைப்பான். தடை ஒளிவைப் பெறும். உரையாடல் ஒன்றே உண்மையைப் பெறும்.

வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் என்பன அவை. ஜிம் கடையின் பேரத்தில் நோயும் இல்லை, மருத்துவரும் இல்லை, அருகிருப்போரும் இல்லை. பொடி மட்டும் தனியே நிற்கிறது. மூன்று உறுப்பிழந்த ஒன்றை எவ்வாறு நம்புவது?

மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை என்று வீட்டில் ஒரு நெறி வைக்கலாம். உண்மையிலேயே குறைபாடு இருந்தால் அவர் சொல்லட்டும். அப்போது பொடியும் மருந்தாகும். வாரத்தில் சில மாலை பிள்ளையின் ஆட்டத்தைப் போய்ப் பார்க்கலாம். ஆடி வந்தவன் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்து, அவன் வென்றானா என்று கேட்பதற்கு முன், எப்படி ஆடினான் என்று கேட்கலாம். அந்த நான்காம் உறுப்பாக இருக்க வேண்டியவர் நாமே. அருகில் ஒருவர் இருக்கிறார் என்பதைப் பிள்ளை உணர்ந்தால், 'இது பாதுகாப்பானதா?' என்னும் வினாவை டப்பாவை வாங்கும் முன் அவனே நம்மிடம் கேட்பான்.